திருட்டு மூச்சு

எனக்கு வந்த நோயின் பெயர் கில்லன் பாரே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசிமேட்டில் எங்கள் தெருவுக்குள் அதற்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். வாதம் என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள், கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். "ராவும் பகலும் படிச்சிகினே கீதே, நரம்பு சூடேறாம இன்னா பண்ணும்?" என்று என் பெரியம்மா வாசலில் நின்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. எழுந்து போய்ப் பதில் சொல்லக் கால் வராத நேரம் அது. இப்போது சொல்கிறேன். பெரியம்மா, இந்த நோய் படித்ததால் வரவில்லை. வயிற்றுப்போக்கால் வந்தது.

டாக்டர் எனக்கு விளக்கியது இப்படி. வயிற்றுக்குள் ஒரு கிருமி நுழைந்தது. அதை அடிக்க உடம்பு தன் ஆட்களை அனுப்பியது. அவர்கள் கிருமியை அடித்து முடித்தபின், ஆள் அடையாளம் தெரியாமல், என் நரம்புகளையும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கரண்ட் ஒயருக்கு மேல் ரப்பர் இருப்பதுபோல நரம்புக்கு மேல் ஓர் உறை உண்டு. அது உரிந்துபோனால் மூளை சொல்வது கை காலுக்குப் போய்ச் சேராது. பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். எதுவரை ஏறும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஏறி நின்றபின் மெதுவாக இறங்கும். நடுவில் மூச்சு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவர்கள் மறுபடி நடப்பார்கள்.

கடைசியில் சொன்ன அந்த மூச்சு விஷயத்தில்தான் நாங்கள் தப்புச் செய்தோம்.

எனக்கு வயது இருபத்து நான்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள் நான். பி.காம். முடித்து, ராயபுரத்தில் ஏற்றுமதிச் சரக்குக்குக் காகித வேலை பார்க்கும் அலுவலகத்தில் சேர்ந்தேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்களுக்கான காகிதங்களில் பாதி என் மேஜையைத் தாண்டித்தான் போகும். ஒருநாள் காலை ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வலது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது. மாட்டிக்கொண்டு நடந்தேன். மறுபடி கழன்றது. பாதம் செருப்பைப் பிடிக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. செருப்பு பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கினேன்.

அடுத்த நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கடுத்த நாள் குளியலறையில் உட்கார்ந்தவள் எழவில்லை. திருவொற்றியூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நோயை உடனே கண்டுபிடித்தார்கள், மருந்தின் விலையையும் உடனே சொன்னார்கள். அப்பா ஐஸ் பெட்டியைத் தூக்குவதுபோல என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தார். அரசு மருத்துவமனையில் அதே மருந்தைக் கையில் ஊசிவழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அது பல பேர் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்து எடுக்கும் மருந்து என்று சின்ன டாக்டரம்மா சொன்னார். முகம் தெரியாத எத்தனையோ பேர் எனக்குள் வந்து என் பக்கம் நின்று சண்டை போட்டார்கள் என்று நான் வைத்துக்கொண்டேன்.

அதற்கு முன் இரண்டு சோதனைகள். ஒன்று முதுகெலும்புக்கு நடுவில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுப்பது. இறால் மாதிரி சுருண்டு படுக்க வேண்டும். வலியைவிட அசையக் கூடாது என்பதுதான் கஷ்டம். இன்னொன்று நரம்பில் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. கை தானாகத் துள்ளும். நான் தூக்க முடியாத கையை ஒரு மெஷின் அசைத்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில் எனக்கு. பக்கத்துக் கட்டிலில் மூளைக் காய்ச்சல் வந்த செல்வி. அவளைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அக்கா கலா வந்திருந்தாள். மாத்தூர்க்காரி. மணலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். வந்த முதல் நாளே எங்களுக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை. செல்வியின் துணிகளைத் துவைத்துக் கொண்டுவந்து என் தலைக்கு மேல் ஜன்னல் கம்பியில் போட்டாள். தண்ணீர் என் நெற்றியில் சொட்டியது. துடைக்க எனக்குக் கை எழாது.

"இன்னாமே, பேஷன்ட் படுத்துகினு கீது, கண்ணு தெரியல?" என்றாள் அம்மா.

"வெயிலு இங்க தானே வருது. ஜன்னலு இன்னா உங்க அப்பன் வூட்டு சொத்தா?"

"துணிய எடு சொல்றேன்."

"காஞ்சதும் எடுக்கறேன் சொல்றேன்."

இரண்டு பேருக்கும் நல்ல குரல். நர்ஸ் வந்து இருவரையும் வெளியே தள்ளிவிடுவேன் என்று மிரட்டியபின்தான் அடங்கினார்கள். அதற்குப் பிறகு பாய் விரிக்கும் இடத்துக்கு ஒரு சண்டை, போன் சார்ஜ் போடும் பிளக்குக்கு ஒரு சண்டை. நான் வாய் திறக்கவில்லை. கல்லூரியில் முதல் வருஷம் நான் பேசுவதைக் கேட்டு "சினிமால ரௌடி பேசற மாதிரியே பேசறா" என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பேச்சைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தேன். "அக்கா, கொஞ்சம் நகர்ந்து போடுங்களேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னேன். கலா என்னை மேலும் கீழும் பார்த்து, "பார்றா, டீச்சரம்மா பேசிச்சு" என்றாள்.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். ஆப்பிள் கொண்டுவந்தார்கள். அந்தோணியார் கோயில் எண்ணெய் கொண்டுவந்தார்கள். கட்டிலருகே நின்று என் காலைத் தடவி, "எப்டி ஓடிகினு இருந்த பொண்ணு" என்று இறந்தவளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள். நல்ல மனசுதான், தெரியும். ஆனால் அந்த அன்பை வாங்கிக்கொள்ள நான் பாவமாகப் படுத்திருக்க வேண்டியிருந்தது. நான் பாவமில்லை. பதில் பேச முடிந்த மட்டும் பேசினேன். அது முடியாதபோது கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தேன்.

மரத்துப்போனது நெஞ்சுவரை ஏறியது. விரல்கள் போயின. சின்ன டாக்டரம்மா சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து ஒரு சோதனை செய்வார். மெஷின் எதுவும் கிடையாது. "ஜெசிந்தா, நல்லா மூச்சை இழுத்து, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணு பார்க்கலாம்" என்பார். நெஞ்சுத் தசைகளுக்குப் பலம் குறைந்தால் மூச்சில் காற்றும் குறையும், எண்ணிக்கையும் குறையும். இருபதுக்குக் கீழே வந்தால் தொண்டை வழியாக மூச்சுக் குழாய் போட்டு மெஷினில் வைப்பதுபற்றி யோசிக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா அதில் கேட்டது ஒன்றே ஒன்று, "குழாய்". என் மாமாவுக்குக் குழாய் போட்டார்கள், அவர் வீடு திரும்பவில்லை. மூன்றாவது வீட்டு ஆரோக்கியம் அண்ணனுக்குப் போட்டார்கள், அவரும் திரும்பவில்லை. எங்கள் பக்கம் குழாய் என்றால் முடிந்தது என்றுதான் பொருள். போட்டதால் போனார்களா, போகிற நிலைமையில் போட்டார்களா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அப்பா காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். போட்டில் வந்த சரக்கைக் குவித்து வைத்து, சுற்றி வியாபாரிகள் நிற்க, விலையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். குரல் நிற்கக் கூடாது. நின்றால் விலையும் அங்கேயே நின்றுவிட்டது என்று வியாபாரி சரக்கில் கை வைத்துவிடுவான். அதனால் ஏலக்காரர் மூச்சு வாங்குவது வெளியே தெரியவே தெரியாது. ஓர் எண்ணின் வாலும் அடுத்த எண்ணின் தலையும் ஒட்டுகிற இடத்தில், உதட்டைத் திறந்தபடியே, மூக்கால் துளிக் காற்றை உறிஞ்சிக்கொள்வார்கள். கேட்பவருக்கு ஒரே இழுப்பாகத்தான் இருக்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் திருட்டு மூச்சு.

அன்று மத்தியானம் அப்பா என் காதருகே குனிந்தார். "இத பாரு கண்ணு. பதினொண்ணுன்னு முடிக்கறப்போ, 'ணு'வ இழு. இழுக்கற சாக்குல மூக்குல ஒரு சொட்டு. தோளு ஆடக் கூடாது. ஆடுச்சுனா மாட்டிகுவ."

"அப்பா, இது டெஸ்ட்."

"டெஸ்ட்டு தானே? நீ எந்த டெஸ்ட்ல ஃபெயிலாயிருக்க?"

அவர் வேண்டுமென்று அப்படிக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நேராக எனக்குள் இறங்கியது. நான் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. இருபது என்றால் பாஸ் மார்க் என்று எடுத்துக்கொண்டது என் மூளை. அப்பா எண்ண, நான் எண்ண, அம்மா வாசலில் நின்று நர்ஸ் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டாள். ஒரு மகளைச் சாகக் கொடுக்க மாட்டோம் என்று ஒரு குடும்பமே சேர்ந்து செய்த வேலை அது. அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

சாயங்காலம் இருபத்து மூன்று எண்ணினேன். சின்ன டாக்டரம்மா, "வெரி குட், நேத்தைவிட நல்லா இருக்கே" என்றார். அவருக்குப் பின்னால் அப்பா கும்பிட்டதைப் பார்த்தேன். அந்த ராத்திரி எனக்கு மூச்சு எட்டவில்லை. கிணற்றுக்குள் பாதிவரை இறக்கிய வாளி மாதிரி, இழுக்கிறேன், மேலே வர மாட்டேன் என்கிறது. எச்சில் விழுங்கினால் புரையேறியது. யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் குழாய். கண்ணைத் திறந்தபோதெல்லாம் பக்கத்துக் கட்டிலுக்குக் கீழே கலா எழுந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. செல்விக்கு ஏதோ செய்கிறாள் என்று நினைத்தேன்.

காலையில் பெரிய டாக்டர் தன் கூட்டத்தோடு வந்தார். நான் எண்ணினேன். இருபத்து ஒன்று. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

"சார், ஒரு நிமிசம்," என்றாள் கலா. "அந்தப் பொண்ணு உங்கள டபாய்க்கிது."

எல்லோரும் நின்றார்கள்.

"நடுவுல நடுவுல மூச்சு இழுத்துகினே எண்ணுது சார். அவங்க நைனா சொல்லிக் குடுத்தாரு, நான் பாத்துகினு தான் இருந்தேன். ராவெல்லாம் மூச்சுக்குத் தவிக்குது. காலைல நீங்க வந்தா பாட்டு மாதிரி எண்ணுது."

அம்மா பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்துவிட்டாள். "ஜன்னலுக்காடி? ஒரு ஜன்னலுக்காடி எம் பொண்ண காவு குடுக்கற?" நர்ஸ்கள் பிரித்தார்கள். எல்லாச் சண்டையிலும் சொல்லுக்குச் சொல் நின்ற கலா, அன்று கலைந்த முடியை முடிந்துகொண்டு என் நெஞ்சையே பார்த்து நின்றாள்.

பெரிய டாக்டர் என் அருகில் உட்கார்ந்தார். திட்டவில்லை. ஒரு கையை என் வயிற்றின் மேல் வைத்தார், இன்னொரு கையின் விரலை என் மூக்குக்குக் கீழே வைத்தார். "இப்ப எண்ணும்மா." அந்த விரலைத் தாண்டித் திருட முடியாது. எட்டு வரைகூடப் போகவில்லை. அவர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அப்பா வார்டு வாசலில் கையில் இட்லிப் பொட்டலத்தோடு நின்றது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள் இருந்தேன் என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. அங்கே பகல் இரவு கிடையாது. குழாய் உள்ளே இருப்பதால் குரல் கிடையாது. முகத் தசைகளும் போய்விட்டதால் கண் இமை மூடாது. களிம்பு தடவி டேப் ஒட்டுவார்கள். மூளை மட்டும் தெளிவாக இருக்கும். இந்த நோயின் கொடுமை அதுதான். எல்லாம் கேட்கும், எல்லாம் வலிக்கும், ஒன்றும் சொல்ல முடியாது. நான் மயக்கத்தில் இருப்பதாக நினைத்து என் தலைக்கு மேல் வாடகை வீட்டு அட்வான்ஸ் பற்றிப் பேசியவர்கள் உண்டு. ஓர் ஆண் நர்ஸ் மட்டும் என்னைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "ஜெசிந்தா, நான் இப்ப உன்ன இடது பக்கம் திருப்பப் போறேன். தலையணை வைக்கறேன். ஆச்சு." அவ்வளவுதான். அவர் என் கண்களைப் பார்த்து ஆறுதல் சொன்னதில்லை, தைரியமாக இரு என்றதில்லை. ஆனால் அவர் ஷிப்டில் மட்டும் நான் சாமான் மாதிரி இல்லை.

அங்கே கிடந்த நாட்களில் எனக்குப் பலம் கொடுத்தது ஜெபமில்லை. அம்மா மன்னிக்கட்டும். கலாவின் மேல் இருந்த கோபம்தான் எனக்குப் பலம் கொடுத்தது. வெளியே போனதும் அவளிடம் என்ன சொல்வேன் என்று ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தேன். குழாய் நாள்கணக்கில் வாயில் இருக்க முடியாது என்று தொண்டையில் துளை போட்டு அதை அங்கே மாற்றினார்கள். அப்போதும் சேர்த்தேன். கண் இமை மூட ஆரம்பித்தது. கட்டைவிரல் அசைந்தது. அந்த நோய் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் பெரிய டாக்டர் வந்து, அன்றைக்கு இன்னும் ஒரு ராத்திரி தாண்டியிருந்தால் என்னை வார்டிலிருந்து இங்கே கொண்டுவர வேலை இருந்திருக்காது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். குழாய் போட்டதால்தான் நான் திரும்பினேன்.

அதைக் கேட்டபின்னும் நான் சேர்ப்பதை நிறுத்தவில்லை. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, சொற்கள் மட்டும் அப்படியே இருந்தன.

வார்டுக்குத் திரும்பியபோது ஜன்னல் ஓரக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். என்னை எதிர் வரிசையில் போட்டார்கள். செல்வி இன்னும் அங்கேதான் இருந்தாள். எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள். எங்கள் பாய், வாளி, பை, அம்மாவின் ஜெபமாலை, நான் வாங்கிய புதுச் செருப்பு எல்லாம் செல்வியின் கட்டிலுக்குக் கீழே அடுக்கியிருந்தன. கட்டிலைக் காலி செய்தபோது எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கலா தன் சாமானோடு சேர்த்துத் தன்னுடையது என்று சொல்லி வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னை உள்ளே கொண்டுபோன அன்று அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து, "நான்தான் சொல்லிக் குடுத்தேன், நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். கலா ஒரு டீயைக் கொண்டுபோய் அவர் கையில் திணித்து, "அடிச்சிகினது போதும். உனுக்குத் தெரிஞ்ச வித்தைய உம் பொண்ணுக்குக் குடுத்த. தப்பா? குடி நைனா, ஆறிடும்" என்றாளாம். இதை அப்பாவே எனக்குச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியம்மா வந்து, மாதாவே கலா ரூபத்தில் வந்தாள் என்றாள். நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன்; அது என்னால் முடிந்தது. மாதா பிளக்குக்குச் சண்டை போட மாட்டாள். எங்களைப் பிடிக்காத ஒரு பெண், தன் தங்கையைப் பார்த்துக்கொள்ள வந்த இடத்தில், தூக்கத்தை விட்டு என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடியைப் பிடித்து இழுப்பார்கள் என்று தெரிந்தும் சொன்னாள். அதை எடுத்து வானத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்று நான் நடக்கிறேன். இடது பாதம் இன்னும் முழுசாகத் தூக்காது. பிளாஸ்டிக் பட்டை கட்டிக்கொள்கிறேன். தெருவில் பார்ப்பவர்கள் "அய்யோ" என்றால், "இன்னா அய்யோ?" என்று கேட்கிறேன். அலுவலகத்தில் மறுபடி சேர்ந்துவிட்டேன்.

ஆனால் நான் எழுத வந்தது எனக்குக் குரல் திரும்பிய நாளைப் பற்றி. அன்று காலை சின்ன டாக்டரம்மா தொண்டைக் குழாயின் வாயை ஒரு மூடியால் அடைத்தார். "இப்ப காத்து மேல வரும். பேசிப் பாரு." அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாதாவேன்னு சொல்லு கண்ணு. இல்லாட்டி அம்மான்னு சொல்லு." அப்பா துறைமுகத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார்; சட்டையில் செதில் ஒட்டியிருந்தது. எதிர் வரிசையில் கலா செல்விக்குத் தலை சீவிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காததுபோல இருந்தாள்.

"கஸ்மாலம்," என்றேன்.

என் குரல் துருப்பிடித்த கேட் மாதிரி இருந்தது. டாக்டரம்மா பயந்துபோனார். கலாவின் சீப்பு நின்றது.

"உன்னதான். பேமானி. உன்ன யாரு கேட்டா? எம் மூச்சு, நான் எப்டினா வுடறேன், உனுக்கு இன்னா வந்துச்சு? வூட்டுப் பிரச்சினைய சபைல வெச்சி மானத்த வாங்கிகினு... நீ மட்டும் அன்னிக்கு வாய மூடிகினு குந்திகினு இருந்திருந்தா, நான் இன்னேரம்..."

அங்கே நின்றுவிட்டேன். அதற்கு மேல் நான் சேர்த்து வைத்த சொற்களில் எதுவும் பொருந்தவில்லை. கலா சீப்பிலிருந்து முடியை உருவிக்கொண்டே எழுந்து வந்து என் கட்டிலருகே நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரலில் அது இல்லை.

"அவ்ளோதானா?"

"இல்ல."

"பொறுமையா வுடு. நான் எங்கியும் போவல." பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "இதுல பாதி உன் வாயி, அது தெரியுது."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "மீதி?"

"மீதி காலேஜு. சபை, மானம்லாம் நம்பளுக்கு வராது."

அம்மா முதலில் சிரித்தாள், பிறகு அப்பா, பிறகு செல்விகூட. நான் சிரிக்கவில்லை, எனக்கு இன்னும் பாக்கி இருந்தது. வாயை நன்றாகத் திறந்து, தோள் ஏற, நெஞ்சு ஏற, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்ட ஆரம்பித்தேன்.